வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபச் சுற்றுலா: பெற்றோருக்குக் கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை நமது தமிழ்ப் பாடசாலையில் வகுப்பு கிடையாது. பெரிய பிள்ளைகளை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு அழைத்துச் செல்கிறோம். "தமிழ் வகுப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டீர்கள். பார்த்ததைப் பற்றிப் பிள்ளைகள் தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அதற்கு இதைவிடக் கதை மண்டிய கட்டடம் இந்த ஊரில் இல்லை என்பேன்.

1097இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் வில்லியம் விருந்துக்கென்று எழுப்பிய கூடம் இது. ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் நீதிமன்றமாகத்தான் உழைத்தது. அதுவும் சந்தடி மிகுந்த நீதிமன்றம். ஒரே கூரையின் கீழ் நீதிபதிகள் தனித்தனியே வழக்குகளை விசாரிக்க, சுவரோரமாகப் புத்தகக் கடைகளும் துணிக்கடைகளும் நடந்தன. முடிசூட்டு விழா வந்தால் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பந்தி! கவசம் பூண்ட வீரன் குதிரையோடு உள்ளே நுழைந்து, "அரசரை எதிர்ப்பவன் எவன்?" என்று கையுறையைத் தரையில் எறிவான். 1821இல் நான்காம் ஜார்ஜின் விருந்தோடு அந்த வழக்கம் நின்றது.

முதலாம் சார்ல்ஸ் மன்னருக்கு 1649இல் மரண தண்டனை விதித்ததும் இங்கேதான். வங்காளத்தை ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸை 1788இல் இங்கே விசாரணைக்கு நிறுத்தியபோது டிக்கெட்டுக்கு அலைமோதினார்கள். வழக்கோ ஏழு ஆண்டுகள் இழுத்தது, 1795இல் விடுதலையானார். சென்னை ஆட்சிக்குழுவிலும் இருந்தவர் அவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அங்கே போனதும் முதலில் அண்ணாந்து பார்க்கச் சொல்லப்போகிறேன். தச்சர் ஹியூ ஹெர்லண்ட் 1390களில் அமைத்த ஓக் மரக் கூரை. ஏறத்தாழ 20 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. 1920களில் அதைப் பழுதுபார்த்தவர்களுக்கு உத்திரங்களுக்கிடையே பழங்காலத்து டென்னிஸ் பந்துகள் கிடைத்தன. உள்ளே மயிர் அடைத்தவை. யார் அடித்த பந்தோ, நூற்றாண்டுகளாக மேலேயே தங்கிவிட்டது. வகுப்பில் இதைச் சொன்ன பிறகு சார்ல்ஸ் மன்னரின் கதை யார் காதிலும் ஏறவில்லை.

2022இல் எலிசபெத் அரசியின் உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டதும் இதே மண்டபத்தில். அந்த நீண்ட வரிசையில் நின்றவர்கள் உங்களில் இருந்தால், அந்த அனுபவத்தைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

வாசலில் விமான நிலையத்தில் போலப் பைகளைச் சோதிப்பார்கள், கத்தரிக்கோல் வேண்டாம். கல் தரை குளிரும், தடித்த காலுறை போட்டுவிடுங்கள். மதிய உணவைக் கட்டிக் கொடுங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு அடுத்த சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். உடன்வர விரும்பும் பெற்றோர் இருவர் தேவை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்