ஒட்டுப்பால் எடுத்த இரு சிறுவர்கள்: கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரம் வட்டாரத்தில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டத்துக்கு முரணாக நடந்ததாகப் பிடிபடும் சிறாரையும் கையாளும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தம் தங்களுக்குத் தந்துள்ள ஓர் அதிகாரத்தைப் பயன்படுத்துமாறு கேட்கவே எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என் பழைய மாணவர் இருவர் பிடிபட்டதாகக் கேள்விப்பட்டு ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். ரப்பர் தோட்டமொன்றில் சிரட்டைகளில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை இருவரும் சேர்ந்து சாக்கில் அள்ளியிருந்தார்கள். இருவருக்கும் வயது 16. கடைத்தெருவில் வீடுள்ளவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மலைமேல் காணிப் பழங்குடியினரின் குடியிருப்பைச் சேர்ந்தவன் அதே பெஞ்சின் காலருகே தரையில் குந்தியிருந்தான். இருவர் கையிலும் ஒரே ஒட்டுப்பால் நாற்றம். முன்னவனின் தந்தை, செல்வாக்குள்ள இருவரோடு பைக்கில் வந்து, இருட்டுவதற்குள் மகனைக் கூட்டிக்கொண்டு போனார். மற்றவனின் தாய்க்குச் செய்தி போய்ச் சேரவே மறுநாளாயிற்று. ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் மலையிறங்கி வந்தபோது, பையனை, விசாரணை முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியாகிவிட்டது. “மலைக்குப் போயிட்டா அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது சார்” என்றார்கள். யாரும் சாதி சொல்லித் திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆகவே புகார் செய்ய ஒன்றுமில்லை என்பதுபோல நானும் வீடு திரும்பினேன். அந்த வெட்கமும் இம்மடலுக்கு ஒரு காரணம்.

மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனையுள்ள திருட்டு, இளைஞர் நீதிச் சட்டத்தின்படி சிறு குற்றம். அத்தகையவற்றில் சிறாரைப் பிடித்து வைக்காமல், விவரத்தை, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பி, பெற்றோருக்குத் தெரிவிப்பதே பொது முறை என்று 2016-ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் கூறுகின்றன. பிடித்தாலும், பிரிவு 12-இன்படி பிணையில் விடுவதே விதி. குற்றவாளிகளோடு சேர நேரிடும், சிறாருக்கு ஆபத்து நேரும், நீதியின் நோக்கம் கெடும் என்று நம்பக் காரணமிருந்தால் மட்டுமே மறுக்கலாம். இவ்விதிவிலக்கு தேவையானதுதான். ஆனால் காணிக் குடியிருப்பு, குறவர் குடியிருப்பு, பெருமாள்புரம் போன்ற இலங்கைத் தமிழர் முகாம் என்ற முகவரியே அந்தக் காரணமாகிவிடும்போது, பிரிவு 3 வலியுறுத்தும் சமத்துவமும் பாகுபாடின்மையும் காகிதத்தில்தான் இருக்கின்றன. பிறப்பாலேயே சில சமூகத்தாரைக் குற்றவாளிகளாக எழுதி வைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் நீக்கப்பட்டது. அந்தப் பார்வை நீங்கவில்லை.

நான் கண்டது ஒரே ஒரு சம்பவம். அது விதிவிலக்கா, வழக்கமா என்பதை எண்ணிக்கைதான் காட்டும். இங்கிலாந்து, வேல்ஸ் நீதி அமைப்பைப் பற்றி நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமி 2017-இல் அளித்த அறிக்கை, சிறையிலுள்ள இளையோரில் கறுப்பின, ஆசிய, பிற சிறுபான்மையினரின் பங்கு 2006-இல் 25 சதவீதமாக இருந்து பத்தாண்டில் 41 சதவீதமானதை எடுத்துக்காட்டியது. இனவாரியாகக் கணக்கு வைத்திருந்ததால்தான் அங்கே அதைக் கேள்வியாக்க முடிந்தது. நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ, பெரியவர்களின் சிறைக் கணக்கில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று தருகிறது. சிறாரைப் பொறுத்தவரை கல்வியையும் குடும்பச் சூழலையும் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது.

பிரிவு 16-இன்படி நிலுவை வழக்குகளின் விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்களுக்கு வர வேண்டும். அதே பிரிவில் 2021-இல் சேர்ந்த உட்பிரிவு, குழந்தைகளின் நலன் கருதிக் குழுமத்திடமிருந்து எந்தத் தகவலையும் கேட்டுப் பெறத் தங்களுக்கு இடமளிக்கிறது. எத்தனை சிறார் பிடிக்கப்பட்டனர், எத்தனை பேர் அன்றே வீடு திரும்பினர், எத்தனை பேர் கூர்நோக்கு இல்லத்துக்குப் போயினர், அங்கே எத்தனை நாள் இருந்தனர் என்பதைச் சமூகப் பிரிவுவாரியாகக் கேட்டுப் பெற்று வெளியிடுங்கள். அடையாளத்தை வெளியிடுவதைப் பிரிவு 74 தடுக்கிறது, சரியே. நானும் அப்பையன்களின் பெயரையோ ஊரையோ எழுதவில்லை. எண்ணிக்கை மிகச் சிறிதாயின் ‘5-க்கும் குறைவு’ என்று போட்டால் போதும்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். கோதையாறு, பேச்சிப்பாறை மலைப்பகுதியிலிருந்து வரும் பெற்றோர் நாகர்கோவில் வந்து சேரும் பேருந்து நேரத்தைக் கேட்டறிந்து, அவர்கள் பிள்ளைகளின் விசாரணையை அதற்குப் பிறகு வைக்குமாறு குழுமத்தைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
குலசேகரம்.