200 மணித்தியாலத்துக்குப் பிறகு

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் தவழத் தொடங்கிவிட்டாள் என்ற இடத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், "படம் ஒன்றும் வைக்கவில்லையா?" என்றுதான் முதலில் கேட்டார். அடுத்த முறை மறக்காமல் அனுப்பு. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, என்றாலும் வெள்ளவத்தைச் சந்தைக்கு நடந்துதான் போவேன் என்று அடம்பிடிக்கிறார். காலி வீதி நெரிசல் நீ இருந்த காலத்தைவிட மோசம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். அக்காவின் மகன் ஏ.எல். முடித்துவிட்டு பைலட் ஆகத்தான் போகிறேன் என்று நிற்கிறான், 'லைசன்ஸ் எடுத்தால் வேலை நிச்சயம்' என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அது உண்மையா என்று கேட்டிருந்தாய். கூடவே, லைசன்ஸ் எடுத்த உனக்கு ஏன்டா இன்னும் வேலை கிடைக்கவில்லை என்பதையும் கேட்காமல் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

லைசன்ஸ் வேறு, வேலை வேறு. சிபிஎல், அதாவது காசுக்குப் பறப்பதற்கான லைசன்ஸ், எடுக்க 200 மணித்தியாலம் பறந்தால் போதும், அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சி என்றால் 150கூடப் போதும் என்பது சர்வதேச விதி. எயார்லைனில் கப்டனாக இருக்க வேண்டிய மேல்மட்ட லைசன்ஸான ஏடிபிஎல்லுக்கு 1,500. நடுவில் இருக்கிற 1,300 மணித்தியாலத்தை எங்கே போய், யாருடைய காசில் பறப்பது என்பதுதான் சிக்கல். வேலை விளம்பரங்களைப் பார்த்தால் 500 கேட்பான், 1,000 கேட்பான், அதுவும் அந்த ரக விமானத்திலேயே வேண்டும் என்பான். கொம்பனிக்காரனை மட்டும் திட்டியும் பயனில்லை, பாதி முடிவை எடுப்பது இன்சூரன்ஸ்காரன். மணித்தியாலம் குறைந்த ஆளைக் காக்பிட்டில் இருத்தினால் பிரீமியம் ஏறும், சில நேரம் கவரே கிடைக்காது.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். 2009 பெப்ரவரியில் பஃபலோவுக்குப் பக்கத்தில் கோல்கன் எயார் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, துணை விமானிக்கும் 1,500 மணித்தியாலம் வேண்டும் என்ற விதி 2013இல் அமுலுக்கு வந்தது, சில பட்டப்படிப்புக்காரருக்கும் இராணுவத்திலிருந்து வருபவர்களுக்கும் மட்டும் கொஞ்சம் சலுகை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500ஐ எப்போதோ தாண்டியவர்கள். எனக்கு இந்த விதியில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது, ஆனால் அங்கே புது விமானிகள் பலர் மணித்தியாலம் சேர்க்கப் பயிற்சிப் பள்ளிகளில் இன்ஸ்ட்ரக்டர்களாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

டொரொண்டோவுக்கு வா என்று எழுதியிருந்தாய். வரலாம்தான், ஆனால் பிஆர் (நிரந்தர வதிவிடம்) இல்லாதவனை எவன் எடுப்பான்? உங்கள் ஊரில் பிறந்த பெடியன்களே சிபிஎல்லைப் பையில் வைத்துக்கொண்டு வடக்கே யெலோநைஃப் மாதிரி இடங்களுக்குப் போய், முதலில் சாமான் ஏற்றி, பனி தள்ளி, ஆசனம் காலியாகும்வரை காத்திருக்கிறார்கள். பொட்ஸ்வானாவில் மவுன் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஒகவாங்கோ டெல்டாவுக்குச் சுற்றுலாக்காரரைக் கொண்டுபோகும் சின்ன விமானங்கள், செஸ்னா 206களும் கரவான்களும், அங்கிருந்துதான் பறக்கின்றன. சீசனுக்கு முன்பே டிக்கெட் எடுத்துப் போய், சிவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்குவதுதான் அங்கே வேலை தேடும் முறை. ஈமெயிலில் கேட்டவனைவிட வாசலில் வந்து நிற்கிறவனுக்கு அங்கே மதிப்பு. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை இல்லாமல் மாதக்கணக்கில் அங்கே தங்கிச் சாப்பிட என்னிடம் காசு கிடையாது. மாலைதீவு பக்கத்தில்தான், ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடலாம். வெறுங்காலோடு ட்வின் ஒட்டர் கடல்விமானம் ஓட்டுகிறவர்களின் படத்தை நீயும் பார்த்திருப்பாய். ஆனால் அங்கே தொடக்கநிலை இடங்களில் மாலைதீவுக்காரருக்குத்தான் முன்னுரிமை, அதைக் குறை சொல்லவும் முடியாது. இந்தியாவில் 2023இல் எயார் இந்தியா 470 விமானமும் இண்டிகோ 500 விமானமும் ஓடர் பண்ணியதும் இங்கே பலருக்கு ஆசை வந்தது, ஆனால் அங்கேயே லைசன்ஸோடு வரிசையில் நிற்கிறவர்கள் ஏராளம்.

நம் நாட்டுக் கதை உனக்குத் தெரியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அனுபவமுள்ள விமானிகள் பலர் வளைகுடாப் பக்கம் போய்விட்டார்கள், அப்படியென்றால் இடம் காலிதானே என்று மாமா போன கிழமைகூடக் கேட்டார். காலிதான், ஆனால் அது கப்டனுடைய இடம். புதிதாக ஒருவனை எடுத்தால் அவனுக்குப் பக்கத்தில் இருந்து பழக்க ஒரு ட்ரெய்னிங் கப்டன் வேண்டும், போனவர்களில் அவர்களும் அடக்கம். புதியவர்களைப் பயிற்சிக்கு எடுக்கும் கடெட் விளம்பரம் எப்போதாவது வரும், வந்தால் கட்டாயம் போடுவேன். இரத்மலானை விமான நிலையத்தில் ஓடுகிற சின்ன விமானங்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இடையில் ஒரு ஏஜென்ட் வந்தான். ஏ320 டைப் ரேட்டிங்கும் (அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) அதற்குப் பிறகு ஏதோ ஒரு நாட்டில் 500 மணித்தியாலமும் சேர்த்து ஒரு 'பக்கேஜ்'. டைப் ரேட்டிங் மட்டுமே 20,000 டொலருக்கு மேல் போகிற சாமான், அவன் சொன்ன மொத்தத் தொகையைக் கேட்டு அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். பயணிகளைச் சுமந்து பறக்கிற வேலைக்கு நான் காசு கட்ட வேண்டுமாம்! வேலைக் கடிதம் கையில் இல்லாமல் டைப் ரேட்டிங் வாங்குவது வீண் செலவு, மச்சான். பறக்காமல் வைத்திருந்தால் ஒரு வருடத்தில் அதுவும் காலாவதியாகும், திரும்ப சிமுலேட்டருக்கு காசு கட்ட வேண்டும். கொக்குவில் காணியை விற்று, டொலர் 200இலிருந்து 350க்கு மேல் பாய்ந்த அந்த 2022இல் மிச்சப் பயிற்சியை முடித்தவன் நான். இனி விற்க ஒன்றும் இல்லை.

அதனால் மற்றவர்களுக்குப் பறக்கப் பழக்குவதற்கான இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் செய்யத் தொடங்கியிருக்கிறேன். 'படிப்பிக்கவா பைலட் ஆனாய்?' என்று சித்தி கேட்டார். ஆனால் யோசித்துப் பார், மாணவனோடு நான் பறக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் எனக்கும் கப்டன் கணக்கில் லொக்புக்கில் (பறப்புப் பதிவேட்டில்) ஏறும், காசும் வரும், கையும் துருப்பிடிக்காது. அதைவிட முக்கியம், நான் விமானங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். சின்ன விமானத் துறையில் இடம் காலியானால் விளம்பரம் வருவதற்கு முன்பே விமானம் நிறுத்தும் ஹங்கரில் தேநீர் குடிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

இன்ஸ்ட்ரக்டருக்குரிய வலது பக்க ஆசனத்தில் இருந்து ஓட்டுவது முதலில் சரியான கூத்து. செஸ்னா 152இல் இவ்வளவு காலமும் இடது கையில் யோக் (விமானத்தைத் திருப்பும் பிடி), வலது கையில் த்ரொட்டில் (எஞ்சின் விசை), இப்போது எல்லாம் மாறிவிட்டது. வேகமானி இடது பக்கம் இருப்பதால் சாய்ந்து பார்க்க வேண்டும், முள் ஐந்து நொட் கூடக் குறையத் தெரிகிறது. ஓடுபாதையின் நடுக்கோட்டில் இறங்கினேன் என்று நினைத்தால் கோடு பக்கத்தில் கிடக்கிறது. காலையில் முதல் பறப்புக்கு முன் சிறகுக்கடியில் குனிந்து, கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எரிபொருளை இறக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். இந்த எரிபொருளான அவ்கேஸ் நீலமாக இருக்கும், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாத குமிழியாகக் கிடக்கும். அதை ஒரு மாணவனுக்குக் காட்டும்போது எனக்கே ஒரு சந்தோசம் வருகிறது, பின்னேரம் வெள்ளவத்தையில் பௌதிகவியல் டியூஷன் எடுக்கிறதில் வந்த பழக்கமோ என்னவோ. டியூஷன் காசில்தான் வருடாவருடம் மெடிக்கல் சான்றிதழும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவிடம் இதைச் சொல். காசு எங்கேயும் கட்டுவதற்கு முன் முதலாம் வகுப்பு மெடிக்கலை எடுக்கச் சொல், நிறக்குருடோ காதில் பிரச்சினையோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பயிற்சிக் கட்டணம் முழுவதையும் ஒரேயடியாக முன்பணமாகக் கட்ட வேண்டாம், பறக்கப் பறக்கக் கட்டலாமா என்று கேட்கச் சொல். லைசன்ஸ் கையில் வந்த பிறகு குறைந்தது ஒரு வருடம் வேலையில்லாமல் தாக்குப்பிடிக்கக் காசு ஒதுக்கி வைக்க முடியுமா என்பதையும் வீட்டில் இருந்து பேசட்டும். 'வேலை நிச்சயம்' என்று எழுத்தில் தரச் சொல், தரமாட்டார்கள். இதையெல்லாம் கேட்ட பிறகும் பெடியன் நிற்கிறான் என்றால் சனிக்கிழமை காலையில் இரத்மலானைக்கு அனுப்பு, ஹங்கரைச் சுற்றிக் காட்டுகிறேன், தொப்பி ஒன்று கொண்டுவரட்டும், தார் வெயில் மண்டையைப் பிளக்கும்.

நீ மார்கழியில் வருவது உறுதி என்றால், அங்கே பழைய டேவிட் கிளார்க் ஹெட்செட் நல்ல விலைக்கு அகப்பட்டால் ஒன்று வாங்கி வா. காசை இங்கே தருவேன், கொத்து ரொட்டியில் கழிக்கச் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
உன் மச்சான்
வெள்ளவத்தை