வடக்குக்கு வந்த உதவியில் எது நின்றது?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். இலங்கையில் போர் முடிந்த பிறகு வெளிநாடுகள் கொட்டிய காசால் வடக்குக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, எல்லாம் கண்துடைப்பு என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் மீள்குடியேறிய காலத்திலிருந்து கிளிநொச்சியில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருந்து, வந்த திட்டங்கள் பலவற்றுக்குப் பயனாளிகள் பட்டியல் எழுதிக் கொடுத்தவன் நான். சில உதவிகள் இன்றைக்கும் நின்று பலன் தருகின்றன, சில ஒரு மாரி கூடத் தாங்கவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி எறிந்துவிட்டால் அடுத்து வரப்போகிற உதவியும் பழைய பாதையிலேயே போய்விடும் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் கண்ணிவெடி அகற்றியதைச் சொல்ல வேண்டும். அதைக் கட்டுரை ஒரு வரி கூடத் தொடவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் சனம் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்தது. கடைசிக் குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற 2012 செப்டெம்பர் ஆனது. ஊருக்குப் போகச் சொன்னாலும் எங்கே போவது? வயல், வளவு, கிணற்றடி, பள்ளிக்கூட மைதானம் எல்லாவற்றிலும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை. ஜப்பான், அமெரிக்கா, பிரித்தானியா, நோர்வே போன்ற நாடுகள் கொடுத்த காசில் ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ் போன்ற நிறுவனங்கள் அந்த மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டிச் சுரண்டித்தான் எங்களுக்குத் திருப்பித் தந்தன. முகமாலைப் பக்கம் பயணம் போனவர்கள் பார்த்திருப்பார்கள், கொளுத்துகிற வெயிலில் தடித்த அங்கியும் முகக்கவசமும் போட்டு முழங்காலில் இருந்து வேலை செய்தவர்களில் பலர் எங்கள் ஊர்ப் பெண்கள், கணவனைப் பறிகொடுத்துக் குடும்பத்தைத் தனியே சுமந்தவர்கள். மாதம் தவறாமல் வந்த அந்தச் சம்பளத்தில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். நிலமும் கிடைத்தது, ஊருக்குள் காசும் புழங்கியது. வந்த உதவிகளில் எனக்கு இதற்குத்தான் முதல் இடம்.

அடுத்தது வீட்டுத்திட்டம். 2010இல் இந்தியா 50,000 வீடுகள் அறிவித்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் கட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு 2012 ஒக்டோபரில் தொடங்கிய பெரிய கட்டத்தில் முறையையே மாற்றினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, அதுவும் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே நேராக வந்தது. அத்திவாரம் போட்டால் அடுத்த காசு, சுவர் எழும்பினால் அடுத்தது, கூரை ஏறினால் அடுத்தது. குறைந்தது 550 சதுர அடி இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. வாசல் எந்தப் பக்கம், குசினி எங்கே, சாமி அறை வேண்டுமா என்பதெல்லாம் வீட்டுக்காரர் விருப்பம். கல்லரிந்தவரும் ஊரவர், மேசனும் ஊரவர், கதவு நிலை செய்த தச்சரும் ஊரவர். அந்த இரண்டு மூன்று வருடத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் மேசன் வேலை பழகாத இளைஞனைக் காண்பது அரிது. இதையெல்லாம் கண்துடைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஐந்தரை இலட்சம் போதவில்லை, அதுவும் உண்மை. எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்க மணல் விலை ஏறியது, சீமெந்து விலை ஏறியது, மேசன் கூலி ஏறியது. கூரை மட்டத்துக்கு வந்து நின்றுபோன வீட்டை முடித்தால்தான் கடைசிக் காசு கிடைக்கும் என்பதால் காதுத் தோட்டை அடகு வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். ஆம்பிளைத் துணை இல்லாத வீடுகள்தான் அதிகம் நொந்தன. மணல் ஏற்றுகிற ரிப்பர் லொறிக்காரரோடும் மேசனோடும் பேரம் பேசி, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வருகிறாரா என்று பார்த்து நின்றால் அன்றைய கூலி வேலை போய்விடும். விலை ஏற ஏறத் தொகையையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்திருந்தால் பல குடும்பங்கள் கடனுக்குள் விழுந்திருக்காது.

சரி, இதையே இன்னொரு திட்டத்தோடு வைத்துப் பாருங்கள். 2015, 2016 காலத்தில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று பொருத்திக் கொடுக்கும், ஒரு வீடு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா, அதுவும் கடனில். இந்த வெயிலுக்கு உருக்குச் சுவர் வீடா என்று சனம் கேட்டது. அதே காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம், வேலையும் ஊருக்குள் கிடைக்கும் என்று பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஐந்தரை இலட்சம் ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போனது. அந்த 21 இலட்சத்தில் பெரும்பங்கு இங்கே இறங்காமலே திரும்பிப் போயிருக்கும். தொகை எவ்வளவு என்பதைவிட அது யாருடைய கைக்கு வந்து யார் கையால் செலவாகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வாழ்வாதார உதவிக்கு வருவோம். சறுக்கல் பெரிதாக நடந்தது இங்கேதான். ஆடு, கோழிக்குஞ்சு, தையல் மிசின், நீர் இறைக்கும் மெசின் எல்லாம் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரே கிழமையில் வீட்டுக்கு வீடு கோழிக்குஞ்சு இறங்கியது. தீனி எங்கே வாங்குவது, நோய் வந்தால் யார் பார்ப்பது, முட்டையை யாருக்கு விற்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. மழை தொடங்கக் குஞ்சுகள் சாகத் தொடங்கின, தப்பினதைச் சனம் கறியாக்கியது. படம் எடுத்து, பெயர்ப்பலகை நட்டு, அறிக்கை எழுதி அனுப்பியபடியால் நிறுவனத்தின் கணக்கில் அது வெற்றி. தையல் மிசின் வாங்கிய பெண்கள் சிலர் நல்லாக வந்தார்கள். விசாரித்துப் பார்த்தால் அவர்கள் முன்னமே தையல் தெரிந்தவர்கள், பள்ளிச் சீருடைக் காலத்தில் ஓடர் எடுக்க ஆளும் இருந்தது. மற்றவர்களின் மிசின் அடகுக் கடையில்.

2010இல் இலங்கையை நடுத்தர வருமான நாடு என்று சர்வதேச நாணய நிதியம் வகைப்படுத்தியது. கொழும்பின் வருமானத்தையும் சேர்த்துச் சராசரி போட்டால் அப்படித்தான் வரும். அதைச் சாட்டாக வைத்து நன்கொடை தந்த நாடுகள் மெல்ல மெல்லப் பின்வாங்க, நிறுவனங்களும் 2013க்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கந்தோரைப் பூட்டிக்கொண்டு போயின. வீடு பாதி, வருமானம் இல்லை, அடகு வட்டி ஏறுகிறது. அந்த நேரம் பார்த்து வாசலுக்கு வந்தவைதான் நுண்கடன் கம்பனிகள். கிழமைக்கு ஒரு நாள் கட்ட வேண்டும், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். தவணை நாளில் வீட்டுக்குள் ஒளிந்திருந்த தாய்மாரை நான் அறிவேன். 2018இல் ஐ.நா. நிபுணர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு இந்த வட்டி வீதங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். அரசாங்கமும் அந்த வருடம் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. அதை மீறிய தொகையும், அடுத்தடுத்த கம்பனிகளின் கடனும் அப்படியே கிடந்தன.

பெரிய திட்டங்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 1990இல் நின்ற யாழ்தேவி ரெயில் 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்த நாள் எனக்கும் சந்தோசமான நாள்தான். ஏ9 வீதி, சங்குப்பிட்டிப் பாலம், யாழ். போதனா வைத்தியசாலைக்கு ஜப்பான் கட்டிக் கொடுத்த கட்டடம், எல்லாமே தேவையானவை. ஆனால் எல்லாம் இனாம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரெயில் பாதைக்கு வந்த ஏறத்தாழ 800 மில்லியன் டொலர் இந்தியா தந்த கடன், வீதிகளில் பெரும்பகுதி சீனக் கடனும் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனும். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தபோது அந்தச் சுமையில் எங்கள் பங்கும் இருந்தது. பாதை வந்தது, அந்தப் பாதையில் ஏற்றி அனுப்ப இங்கே உற்பத்தி வரவில்லை. காங்கேசன்துறை சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போர் முடிந்து எத்தனையோ வருடம் துருப்பிடித்தபடியே கிடந்தன, தெற்கிலிருந்து பிஸ்கற்றும் சோடாவும் மட்டும் லொறி லொறியாக வந்து இறங்கின.

இரணைமடுக் கதையையும் சொல்லாமல் விட முடியாது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை, அங்கேயுள்ள கிணறுகளின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்கே எல்லாக் காணிக்கும் பாய்ச்ச முடியாமல் பங்கு பிரித்து விதைக்கிற கமக்காரர்களோடு முதலில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டாமா? பேசாமல் தொடங்கியதால் இரண்டு மாவட்டத்துச் சனத்துக்குள்ளும் மனக்கசப்பு வளர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி 2024 ஓகஸ்டில்தான் திறந்தார்கள்.

கட்டுரையாளர் ஒரு விசயத்தில் முழுக்கச் சரி. காணி இராணுவத்திடம் இருக்கும்போது எந்த நாடு எவ்வளவு காசு தந்தாலும் அந்தக் காணிக்காரருக்கு அது உதவாது. 2017இல் கேப்பாப்பிலவுச் சனம் வெயிலிலும் பனியிலும் வீதியோரம் இருந்து கேட்டது தங்கள் சொந்த வளவைத்தான். கடலும் அப்படித்தான். வள்ளமும் வலையும் கொடுத்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து இழுவைப் படகுகள் வந்து அந்த வலையை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போனால் மீனவன் என்ன செய்வான்? அந்தப் படகுகளை நிறுத்துவது இந்தியாவும் தமிழ்நாட்டு உறவுகளும் எங்களுக்குச் செய்யக்கூடிய உதவி, ஒரு சதம் செலவில்லாத உதவி.

அப்போ என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். போரில் அழிந்த ஜேர்மனி எப்படி எழும்பியது என்று பேசும்போது எல்லோரும் மார்ஷல் திட்டத்தைச் சொல்வார்கள். 1948 முதல் 1952 வரை மேற்கு ஐரோப்பாவுக்கு அமெரிக்கா கொடுத்தது ஏறத்தாழ 13 பில்லியன் டொலர். ஜேர்மனி தன் பங்கை என்ன செய்தது என்பதை யாரும் சொல்வதில்லை. உதவியாக வந்த பொருட்களை வாங்கியவர்கள் தங்கள் நாட்டுக் காசில் ஒரு நிதியத்துக்குக் கட்டினார்கள். 1948இல் அதற்கென்று கே.எஃப்.டபிள்யூ. என்ற வங்கியைத் தொடங்கி அந்தக் காசைத் தொழில்களுக்குக் கடனாகக் கொடுத்தார்கள், திரும்பி வந்ததை மறுபடி கொடுத்தார்கள். அந்த வங்கி இன்றைக்கும் இயங்குகிறது. அதோடு 1953இல் இலண்டனில் செய்த உடன்படிக்கையில் ஜேர்மனியின் பழைய கடனில் ஏறத்தாழ பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். எங்களுக்குக் கிடைத்ததோ ஒரு தரம் கொடுத்து ஒரு தரத்தில் முடிந்துபோகிற உதவி.

வடக்கில் இதைச் செய்ய ஆளில்லையா? எங்கள் கூட்டுறவுச் சங்கங்கள் போருக்குள்ளும் அரிசியும் மாவும் பங்கிட்ட சங்கங்கள். பனை தென்னை வளச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், கமக்காரர் அமைப்பு, சிக்கனக் கடனுதவிச் சங்கம் என்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. சில நலிந்து போய்விட்டன, சிலவற்றில் அரசியல் புகுந்துவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு காணி, யார் கட்டுவார், யாருக்கு இந்தப் போகம் அழிந்தது என்பது அந்தச் சங்கத்துக்குத் தெரிந்த அளவுக்குக் கொழும்பில் இருக்கிற எந்த நிறுவனத்துக்கும் தெரியாது. அடுத்து வருகிற நன்கொடை, அது எந்த நாட்டுடையதாக இருந்தாலும், புலம்பெயர்ந்த எங்கள் உறவுகள் அனுப்புவதாக இருந்தாலும், ஒரு பங்காவது இந்தச் சங்கங்களில், கடனாகக் கொடுத்துத் திரும்பி வந்ததை மறுபடி கொடுக்கிற சுழற்சி நிதியாக இருக்கட்டும். நெல் அறுவடைக்கு வரும்போது விலை விழும், களஞ்சியம் இல்லாதவன் அன்றைக்கே விற்பான். அந்த நிதியில் ஒரு நெல் களஞ்சியமும் உலர்த்தும் தளமும் கட்டி, நெல்லை வைத்திருக்க முன்பணமும் கொடுத்தாலே போதும், ஒரு கிராமத்துக் கமக்காரர் அத்தனை பேரும் மூச்சுவிடுவார்கள். கணக்கை வெளிக் கணக்காய்வாளர் பார்க்கட்டும், வருடத்துக்கு ஒரு தரம் பொதுக்கூட்டத்தில் வாசிக்கட்டும்.

இன்னொன்று அவசரம். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை ஒரேயடியாக நிறுத்திவைத்தபோது உலகெங்கும் கண்ணிவெடி அகற்றும் வேலைகள் தடைப்பட்டன. இலங்கை 2028க்குள் இந்த வேலையை முடிக்க வேண்டும். முடிந்தால் நல்லது, ஆனால் அன்றைக்கு அந்த அங்கியைக் கழற்றி வைக்கப்போகிற பெண்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று இப்போதே யோசிக்க வேண்டும். காசு தருகிற நாடுகளிடம் இதை மாகாண நிர்வாகமும் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களும் கேட்டார்களா?

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2009க்குப் பிறகு வடக்குக்கு வந்த திட்டங்களை மாவட்டவாரியாக ஒரு தொடராகப் போடுங்கள். எது நன்கொடை, எது கடன், எவ்வளவு, யார் கட்டினார்கள், இன்றைக்கு அது இயங்குகிறதா என்று நிருபர்களை அனுப்பி விசாரித்து எழுதுங்கள். எங்கள் சங்கத்தில் இருக்கிற பதிவேடுகளை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிளிநொச்சி.