மோனை, நானும் ஒரு பழைய கோஷ்டி பாத்தனான்

அன்பு மோனை,

இஞ்ச எல்லாரும் சுகம், கொப்பருக்கு முழங்கால் நோ குறைஞ்சிட்டுது, மழைதான் இன்னும் இல்ல. மிச்ச ஊர்ப் புதினம் போனில சொல்லுறன். இது நீ அனுப்பின வீடியோவுக்கு எழுதிற பதில், போனில கதைச்சால் லைன் விட்டு விட்டு வரும், நான் சொல்ல வந்தது பாதியில நிண்டிடும், அதால இருந்து எழுதிறன்.

டவர் ஒஃப் பவர். பேர் இப்ப எனக்கு வாயில வடிவா வருது. 1968 ல அமெரிக்காவில ஓக்லண்ட் எண்ட இடத்தில தொடங்கின பாண்ட், இத்தின வருசத்துக்குப் பிறகும் ஊர் ஊராப் போய் அடிக்கினம், பாத்திட்டு வந்து விடியுமட்டும் நித்திரை வரேல்ல அம்மா எண்டு எழுதியிருந்தாய். எனக்கு அது நல்லா விளங்குது ராசா. அவையின்ர பழைய ட்றம்ஸ்காரர் டேவிட் கரிபால்டிய 2017 ல நிகழ்ச்சிக்குப் போகேக்க ரயில் அடிச்சதாம், கூட வந்த பேஸ் கிற்றார்காரருக்கும் காயமாம், கரிபால்டி பிழைச்சு எழும்பி திரும்பவும் மேடையில இருந்து அடிச்சவராம் எண்டதை வாசிச்ச உடன நான் போனக் கீழ வச்சிட்டன். கொஞ்ச நேரம் ஒண்டும் செய்ய மனம் வரேல்ல.

பேந்து உன்ர தங்கச்சியின்ர இயர்போன வாங்கிப் போட்டுக்கொண்டு கிணத்தடியில இருந்து திருப்பித் திருப்பிக் கேட்டன். ரண்டு ட்றம்பெற், மூண்டு சக்ஸபோன், அதில ஒண்டு அந்தப் பெரிய பரிற்றோன், அது அடியில நிண்டு உறுமிக்கொண்டே இருக்குது. நான் தொடையில தாளம் போட்டுப் பாத்தன். நாலு எண்ணிக்கைதான், ஆனா ஒவ்வொண்டையும் நாலாப் பிரிச்சு பதினாறா உதிர்க்கினம், உன்ர அம்மப்பா இருந்திருந்தா உடன சதுஸ்ரம் எண்டு சொல்லியிருப்பார். அவர் தவில் படிச்சவர் இல்ல, தவிலுக்குப் பைத்தியம் பிடிச்ச ஆள். சின்னனில என்னையும் தோளில தூக்கிக்கொண்டு கோயில் கோயிலா மேளச் சமா கேக்கக் கூட்டிக்கொண்டு போவார், வீதி மணலில விடியுமட்டும் இருப்பம், தனி ஆவர்த்தனம் வரேக்க என்ர கையப் பிடிச்சு விரலில எண்ணிக் காட்டுவார். தவில் வித்துவான் அளவெட்டி தெட்சணாமூர்த்தியின்ர அடிய நேர கேட்டவர் அவர். தெட்சணாமூர்த்தி 1975 ல செத்தபிறகும் அந்த அடியக் கையால தட்டித் தட்டித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தவர். அமெரிக்கப் பாட்டுக்காரர் ஜேம்ஸ் பிரவுண் தன்ர ஆக்களுக்கு முதலாம் அடியிலதான் பாரத்தப் போடச் சொன்னவர், அதிலயிருந்துதான் இவை அடிக்கிற ஃபங்க் எண்ட இசை எழும்பினது எண்டு நீ எழுதினாய் எல்லே, அது எங்கட சமம் தான் மோனை. எவ்வளவு தூரம் சுத்தித் திரிஞ்சாலும் எல்லாரும் சேந்து வந்து விழுற இடம்.

சரி, இப்ப என்ர கதையக் கேள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிஞ்சு கொஞ்ச நாளால எங்கட பிள்ளையார் கோயில் பூங்காவனத் திருவிழாவுக்கு ஒரு பழைய பாட்டுக் கோஷ்டியக் கூப்பிட்டவை. யாழ்ப்பாணத்தில எழுபதுகளில அடிச்ச ஆக்கள், இப்ப ஒருத்தர் கிளிநொச்சியில, ஒருத்தர் வவுனியாவில, ரண்டு பேர் வெளிநாட்டில இருந்து லீவில வந்து நிக்கினம், எல்லாரையும் தேடிப் பிடிச்சு ஒரு மேடையில ஏத்திப் போட்டினம். உனக்குத் தெரியும், அந்தக் காலத்தில நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் எண்டு பொப் இசை பிடிச்ச பிடி, இலங்கை வானொலியில போட்டால் குசினியில இருந்து எட்டிப் பாக்காத பொம்பிளை இல்ல. மனோகரன் 2018 ல செத்துப் போனார், அண்டைக்கு நான் சமைக்கவே இல்ல.

மேடையில ஏறேக்க எல்லாம் நரைச்ச தலையள். பேஸ் கிற்றார்காரர் பிளாஸ்ரிக் கதிரையில இருந்தவர், ட்றம்பெற் ஊதிறவர் துவாயால வாயத் துடைச்சுக்கொண்டு நிண்டவர், முன்னுக்கு இருந்த பெடியள் எல்லாம் போனப் பாத்துக்கொண்டு இருக்குதுகள். ட்றம்ஸ்காரர் தடிய நாலு தரம் தட்டினார். அவ்வளவுதான் மோனை, அந்த முதல் அடி விழ, நான் இருந்த பாய்க்குக் கீழ மண் அதிர்ந்தது. காதுக்கு வரமுதல் நெஞ்சுக்க வந்திட்டுது. கதிரையில இருந்த மனிசன் எழும்பி நிண்டிட்டார், பேந்து கடைசிவரைக்கும் இருக்கவே இல்ல.

இவை அடிச்ச எங்கட பைலா ஆட்டப்பாட்டு அடி எண்டால் ஆறு எண்ணிக்கை, மூண்டு மூண்டா திஸ்ரத்தில ஓடும், உங்கட ஃபங்க் வேற கணக்கு, அது எனக்குத் தெரியும். ஆனா அண்டைக்கு நடந்தது உன்ர வீடியோவில நடந்ததுதான். ஒரு பாட்டின்ர நடுவில எல்லாரும் ஒரேயடியா நிப்பாட்டிச்சினம். ட்றம்ஸ் இல்ல, பேஸ் இல்ல, ஒண்டும் இல்ல. ஜெனரேற்றர் சத்தம் மட்டும் தூரத்தில. ஆளை ஆள் பாக்கேல்ல, தலையாட்டேல்ல, ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறார், நான் கைவிரலில எண்ணிக்கொண்டு இருக்கிறன், எனக்கே பயம், யாராவது முந்திப் போடுவினமோ எண்டு. அந்த சமத்தில அத்தின பேரும் ஒண்டா வந்து விழுந்தினம் பாரு! எனக்குக் கை காலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பக்கத்தில இருந்த மாமி என்ர கையப் பிடிச்சு நசிச்சுப் போட்டா. போனோட இருந்த பெடியள் எப்ப எழும்பினவங்கள் எண்டு தெரியேல்ல, மேடைக்கு முன்னால புழுதி எழும்ப ஆடுறாங்கள்.

இப்ப வாற கோஷ்டியளும் நல்லாத்தான் பாடுதுகள், நான் குறை சொல்லேல்ல. ஆனா கீபோட்டில அடி ஏற்கனவே பதிஞ்சு வச்சிருக்கும், பாடுறவர் அதுக்குப் பின்னால ஓட வேணும். அது தன்பாட்டில போகும், சனம் ஆடினாலும் ஒண்டுதான் ஆடாட்டிலும் ஒண்டுதான். இந்தக் கிழவர்மார் சனத்தப் பாத்து இழுக்கினம், விடுகினம், ஒரு பாட்ட முடிக்கப் போறமாதிரிக் காட்டிப் போட்டு திரும்பத் தூக்கினம். இவ்வளவு வருசம் ஒண்டா அடிச்ச ஆக்களுக்குத்தான் அது வரும். மெசினுக்கு எங்க விளங்கப்போகுது.

தொண்ணூறுக்குப் பிறகு சண்டைக்காலத்தில இஞ்ச கரண்ட் இல்ல, பற்றறிக்கும் தடை, நாங்கள் சைக்கிளக் கவிட்டு வச்சு பெடலக் கையால சுத்தி டைனமோவிலதான் பாட்டுக் கேட்டனாங்கள். நீ பிறக்கமுந்தின கதை. சுத்திற ஆள் களைச்சால் கசற்றில பாட்டு இழுபட்டுப் போகும், பாடுறவருக்குத் தொண்டை அடைச்ச மாதிரி. உன்ர சின்ன மாமாதான் ஒரே வேகத்தில சுத்துவான், பாட்டு முடியுமட்டும் கை மாத்தாமல். அவன்ர கையப் பாத்துக்கொண்டே இருப்பன் நான். அவன் இருந்திருந்தால் அண்டைக்கு அந்த ட்றம்ஸ்காரருக்குப் பக்கத்தில போய் நிண்டிருப்பான், கீழ இறங்கியிருக்க மாட்டான்.

முடிஞ்சாப்பிறகு நான் மேடைக்குப் பின்னால போய் அந்த பேஸ் கிற்றார் ஐயாவோட கதைச்சனான். கொப்பர் வேண்டாம் வா எண்டவர், நான் கேக்கேல்ல. விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போய்க் கிடக்குது. கனடாவில என்ர மகன் இப்பிடி ஒரு பழைய பாண்ட் பாத்தவன் எண்டு சொல்லி உன்ர வீடியோவப் போட்டுக் காட்டினன். மனிசன் போனக் காதோட பிடிச்சுக்கொண்டு அந்தப் பரிற்றோனக் கேட்டார், கேட்டுப் போட்டு, தங்கச்சி இதத் திரும்ப ஒருக்காப் போடுங்கோ எண்டார். போட்டன். திரும்பவும் போடச் சொன்னார்.

அதால உன்னட்ட ரண்டு விசயம் கேக்கிறன். அவை உங்கால வந்தால் காசப் பாக்காமல் இன்னொருக்காப் போ, ஆனா வீடியோ எடுத்துக்கொண்டு நிக்காத, போன பொக்கற்றுக்க வச்சிட்டு பேஸ் ஸ்பீக்கருக்குக் கிட்டவாப் போய் நில், வீட்ட வந்து எனக்கு வொய்ஸில சொல்லு, எந்த இடத்தில நிப்பாட்டினவை, எப்பிடித் திரும்ப எடுத்தவை எண்டு வடிவாச் சொல்லு. மற்றது, இந்தக் கோஷ்டிய வாற வருசமும் பூங்காவனத்துக்குக் கூப்பிடப் போகினமாம், கோயில்காரர் இப்பவே கதைச்சுப் போட்டினம். நீ லீவு கேக்கிறதெண்டால் வைகாசி விசாகத்தோட சேத்துக் கேள், வற்றாப்பளையும் பாக்கலாம், இதையும் பாக்கலாம். ரிக்கற் போட்ட உடன சொல்லு, நான் அந்த பேஸ் ஐயாவுக்கும் சொல்லி வைக்கிறன், அவர் உன்னட்டக் கேக்க கனக்க வச்சிருக்கிறார்.

அன்புடன்
அம்மா
முள்ளியவளை