செயலாளரின் ஆண்டறிக்கை: ஸ்லவ் தோட்டச் சங்கத்தின் காக்ஸ் மரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. தண்ணீர்க் குழாய் சரிசெய்யப்பட்டது. வேலி வேலை நிலுவையில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆறு கூட்டங்களில் நான்கை விழுங்கியது ஒரே கேள்வி: பொதுத் திடலில் நிற்கும் காக்ஸ் ஆரஞ்சு பிப்பின் ஆப்பிள் மரத்தை வெட்டுவதா, வைத்துக்கொள்வதா?

மரத்தை இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் இருக்கும் நம் திடலில் நடச் சொன்னவன் நான். பீர்த் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற ரிச்சர்டு காக்ஸ் 1825 வாக்கில் இந்த ரகத்தை விதையிலிருந்து வளர்த்தெடுத்தது நமக்கு அடுத்திருக்கும் கோல்ன்புரூக்கில். அதை விற்பனைக்குக் கொண்டுவந்த சார்லஸ் டர்னரின் நாற்றுப்பண்ணையும் ஸ்லவில்தான் இருந்தது. சொந்த ஊர் மரம் தானாகவே தழைக்கும் என்று நம்பினேன். தழைத்தது, காய்க்கவில்லை.

காக்ஸ் தன் மகரந்தத்தால் காய் பிடிக்காது. வேறு ரக ஆப்பிளின் மகரந்தம் வேண்டும். பக்கத்தில் பிராம்லி ரக ஆப்பிள் மரம் இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிட்டோம். பிராம்லியின் குரோமோசோம்கள் மும்மடி, அதாவது வழக்கமான இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று. அதன் மகரந்தம் எந்த மரத்துக்கும் உதவாது. இந்த வசந்தத்தில் ஓர் உறுப்பினர் வீட்டிலிருந்து ஜேம்ஸ் கிரீவ் என்ற ஆப்பிள் ரகத்தின் பூங்கிளைகளை வெட்டி, வாளித் தண்ணீரில் வைத்து மரத்தில் தொங்கவிட்டோம். மீதியைத் தேனீக்கள் பார்த்துக்கொண்டன. செப்டம்பர் கடைசியில் ஒரு கூடை பழம் பறித்தோம். இரண்டு வாரம் வைத்திருந்து, உலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும் பதத்தில் சாப்பிட்டவர்கள் வெட்டும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

எதிர்த்தவர்கள் சொன்னதும் பொய்யில்லை. சொறி நோய், சாம்பல் நோய், பட்டைப் புண் மூன்றும் இந்த ரகத்தைத் தேடி வரும். ஈரம் தேங்கும் நம் திடலில் பட்டைப் புண் இரு கிளைகளைத் தின்றுவிட்டது. நல்ல கட்டை தெரியும்வரை செதுக்கியும் பயனில்லாமல் அவற்றை அறுத்தெடுத்தோம்.

செயற்குழுவின் முடிவு: மரம் நிற்கும். குளிர்காலத்தில் அதிலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து, மார்ச்சில் எம்எம்106 என்ற ரக ஆப்பிள் வேர்ச்செடியில் ஒட்டி, மேட்டுப் பாத்தியில் வளர்ப்போம். அருகில் ஒரு ஜேம்ஸ் கிரீவ் கன்றும் நடப்படும்.

சொறிப் பூஞ்சை உதிர்ந்த இலைகளில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஆகவே வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இலை வாருகிறோம். வாருகோல் இருப்பவர்கள் கொண்டுவர வேண்டும். சங்கத்திடம் இருப்பவை இரண்டே, அதில் ஒன்றுக்குப் பிடி இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்