ஓ.டி.பி. திருப்பூரில், அம்மா வரிசையில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். அம்மா ஊரில், தேனி மாவட்டத்தில், தனியாக இருக்கிறார். வயது 67. சுகர் வந்து 12 வருடம் ஆகிறது, பிரஷர் அதற்கும் முன்னாலேயே. மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிக்கொண்டு வருவார். வழக்கமாகப் பத்தரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார், எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், அதோடு சரி.

போன மாதம் அப்படி நடக்கவில்லை. ஓ.பி. சீட்டு எழுதும் ஜன்னல் மூடியிருந்தது, பக்கத்துச் சுவரில் க்யூ.ஆர். தாளை ஒட்டியிருந்தார்கள். அதைப் போனில் ஸ்கேன் செய்தால்தான் டோக்கன், அதற்கு ஆபா எண் வேண்டும் (நம் மருத்துவ விவரங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பதற்கான ஒன்றிய அரசின் சுகாதார அடையாள எண்), அந்த எண் எடுக்க ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓ.டி.பி. வரும். அம்மாவின் ஆதாரில் இருப்பது என் நம்பர். எங்கள் கம்பெனியில் ஷிப்ட் நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீ நேரத்தில் எடுத்துப் பார்த்தால் அம்மாவிடமிருந்து ஏழு மிஸ்டு கால், நடுவில் மூன்று ஓ.டி.பி., மூன்றும் காலாவதி. திரும்ப அழைத்தபோது அம்மா பஸ்ஸில் இருந்தார். "ஏதோ நம்பர் வரும், அதைச் சொன்னாத்தான் சீட்டுன்னாங்கப்பா. நீ எடுக்கல. கூட்டம் வேற. சரி, அடுத்த வாரம் வந்துக்கலாம்னு கிளம்பிட்டேன்" என்றார். வீட்டில் இருந்தது இரண்டு நாள் மாத்திரை.

அந்தத் தாளருகே நின்று ஸ்கேன் செய்யச் சொல்லிக்கொண்டிருந்த பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவ்வளவு கூட்டத்துக்கு அவர் ஒரே ஆள், பாவம். ஜன்னலை மூடச் சொன்னது யாரோ, அவர்களிடம்தான் என் கேள்வி. ஆபா எண் விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்வது, கட்டாயம் இல்லை என்று 2021-இல் அந்தத் திட்டம் நாடு முழுக்க வந்ததிலிருந்து ஒன்றிய அரசே சொல்லிவருகிறது. கட்டாயம் இல்லாத ஒரு எண் இல்லை என்பதற்காக ஒரு சுகர் நோயாளி மாத்திரை இல்லாமல் வீடு திரும்பலாமா?

அப்புறம் அந்த நோட்டு. அம்மாவிடம் ஒரு நீல அட்டை சுகர் நோட்டு இருக்கிறது, ஓரமெல்லாம் நைந்து, நடுவில் நூல் போட்டுத் தைத்தது. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு என்று வருடக்கணக்காக எழுதியிருக்கும். அதில் ஒரு பக்கத்தில் ஒரு டாக்டர் சிவப்பு மையில் 'கிளிபென்கிளமைடு கொடுக்க வேண்டாம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். அந்த மாத்திரையில் ஒருமுறை சர்க்கரை அளவு ஒரேயடியாக இறங்கி அம்மா அடுப்படியில் மயங்கி விழுந்தார், அதற்குப் பிறகு எழுதியது அது. "இனிமே நோட்டெல்லாம் வேணாம் பாட்டி, எல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துடும்" என்று அன்றைக்கு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்தச் சிவப்பு வரியைக் கம்ப்யூட்டரில் யார் ஏற்றினார்கள்? ஒருவரும் ஏற்றவில்லை. புதிதாக வரும் டாக்டர் திரையைத் திறந்தால் அம்மாவின் கதை போன மாதத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். பழைய நோட்டில் இருப்பதை உட்கார்ந்து ஏற்றி முடிக்கும்வரை அந்த நோட்டுதான் அம்மாவுக்குக் காவல்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் போன் வைத்தியத்துக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2020 ஊரடங்கில் பஸ் இல்லை, மருத்துவமனைப் பக்கம் போகவே பயம், அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துபோனது. அப்போது கைகொடுத்தது அந்த ஏப்ரலில் பொதுமக்களுக்காகத் திறந்த இ-சஞ்சீவனிதான், போனிலேயே டாக்டரைப் பார்க்கும் அரசுச் சேவை. பக்கத்து வீட்டில் நர்சிங் படிக்கிற பெண் தன் போனில் பதிவு செய்து, அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து, காலி மாத்திரை அட்டையைக் கேமரா முன்னால் காட்டச் சொன்னாள். டாக்டர் பார்த்தார், பேசினார், சீட்டு போனிலேயே வந்தது, மெடிக்கலில் காட்டி வாங்கியாகிவிட்டது. தொடக்கக் காலத்தில் நாட்டிலேயே அந்தச் சேவையை அதிகம் பயன்படுத்தியவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் என்று பிறகு செய்தியில் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அன்றைக்கு அம்மாவின் பக்கத்தில் அந்தப் பெண் இருந்தாள். போன மாதம் யாரும் இல்லை. அம்மா அதே அம்மாதான், பக்கத்தில் ஆள் இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம்.

போனில் முடியாதது எது என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிட்டோம். என் பெரியப்பாவுக்கும் சுகர் உண்டு. உள்ளங்காலில் சின்னதாக ஒரு புண், வலியே இல்லை என்றார். சுகர்காரர்களுக்குக் கால் மரத்துப்போகும், வலிக்காததுதான் ஆபத்து என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அவரும் வீடியோவில்தான் காட்டினார். அந்த டாக்டர் நல்லவர், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இதைத் தொட்டுப் பார்க்காம நான் மருந்து எழுத மாட்டேன், இன்னைக்கே நேர்ல போங்க" என்று சொல்லிவிட்டார். நேரில் போனபோது நர்ஸ் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். பாதி இடத்தில் பெரியப்பாவுக்குத் தெரியவே இல்லை. டாக்டர் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி ஓடுகிறதா பார்த்தார், புண்ணைச் சுற்றி அழுத்தினார், முகர்ந்துகூடப் பார்த்தார். இதில் எது போனில் முடியும்? கால் தப்பியது, விரல்கூடப் போகவில்லை. சரியான நேரத்தில் 'என்னால் இங்கிருந்து முடியாது' என்று போனில் ஒருவர் சொன்னார், அதைக் கேட்டு எழுந்து போவதற்கு எட்டும் தூரத்தில் ஒரு மருத்துவமனை திறந்திருந்தது. இரண்டும் சேர்ந்துதான் அந்தக் காலைக் காப்பாற்றின.

2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது. நேரில் வரச் சொல்வதா வேண்டாமா என்பதை டாக்டரே முடிவு செய்யலாம். நோயாளியே பேச வேண்டும் என்பதும் இல்லை, கூட இருந்து கவனிப்பவர் பேசலாம், சுகாதாரப் பணியாளர் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, சுவரில் தாள் ஒட்டியவர்களுக்குத்தான் போய்ச் சேரவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. அரவிந்த் கண் மருத்துவமனை 2004-லிருந்தே சின்ன ஊர்களில் பார்வை மையம் நடத்துகிறது, தேனியில் உள்ள அவர்கள் மருத்துவமனையோடு சுற்று ஊர் மையங்களை வைஃபையில் இணைத்தார்கள். அங்கே திரை மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் இருப்பார், தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லிக் கண்ணைப் பார்ப்பார், பவர் பார்ப்பார், அதன் பிறகுதான் தூரத்து டாக்டர் திரையில் வருவார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே ஆகிவிடும், ஆபரேஷன் என்றால் மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் பயணம். எங்கள் சித்தி அப்படித்தான் புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையில் போனும் கிடையாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் அப்படித்தான். தன்னார்வலர் அக்கா வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, விவரத்தைத் தன் போனில் ஏற்றிக்கொள்கிறார். போனைத் தட்டுகிற வேலை அவருடையது, கையை நீட்டுகிற வேலை மட்டும்தான் நோயாளியுடையது.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஸ்கேன் செய்யத் தெரிந்தவர்கள் செய்துகொண்டு போகட்டும், கூட்டமும் குறையும். அந்த ஜன்னலைத் திறந்து வையுங்கள், பேனாவும் சீட்டும் உள்ள ஒரு ஆள் அங்கே இருக்கட்டும். ஆபா எண் எடுத்துத் தருவதாக இருந்தால் மாத்திரை வாங்கி முடித்த பிறகு, பெஞ்சில் உட்காரவைத்து, மகனுக்கோ மகளுக்கோ போன் போட்டு அவர்களுக்கு எப்போது வசதி என்று கேட்டுச் செய்யுங்கள். நோட்டைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள், சிவப்பு மையில் இருப்பதையாவது முதலில் ஏற்றுங்கள்.

அடுத்த முறை அம்மா போவது வரும் 4-ஆம் தேதி. எனக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று காலை மட்டும் போனைக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்