யான் கார்பரெக்கைப் 'பனி' என்று எழுதுகிறவர்களுக்கு

அன்புள்ள ஜாஸ் விமர்சகர்களுக்கு,

வணக்கம். நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக்கைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே உங்களுக்குப் பனியும் ஃபியோர்டும் (மலைகளுக்கு நடுவே நீளும் கடல்) வந்துவிடுகின்றன. குளிர்ந்த இசை, தூங்கவைக்கும் இசை, இது ஜாஸே இல்லை என்று முடித்துவிடுகிறீர்கள். அவரை வருஷக்கணக்காகக் கேட்டுவரும் எனக்கு அது பொறுக்கவில்லை.

பதினான்கு வயதில் வானொலியில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனைக் கேட்டுவிட்டுத்தான் அவர் சாக்ஸபோனைக் கையில் எடுத்தார். பதின்வயதிலேயே அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் ஜார்ஜ் ரஸ்ஸலின் கண்ணில் பட்டார். 1970-இல் பதிவான 'ஆஃப்ரிக் பெப்பர்பேர்ட்' இசைத்தட்டை ஒருமுறை போட்டுக் கேளுங்கள். சாக்ஸபோன் உறுமுகிறது, கிறீச்சிடுகிறது. சத்தம் போடத் தெரியாமல் நிதானத்துக்கு வந்தவர் இல்லை அவர்.

சொந்த மண்ணின் நாட்டுப்பாடல்கள் பக்கம் அவரைத் திருப்பியதில் அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டான் செரிக்குப் பங்கு உண்டு. அப்புறம் சுரங்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். நார்வேயின் மலைமேடுகளில் மாடு மேய்க்கும் பெண்கள் தூரத்து மாடுகளைப் பாட்டாகவே கூப்பிடுவார்கள். உச்சத்தில் நீண்டு நிற்கும் அந்தக் குரலைத்தான் கார்பரெக்கின் சோப்ரானோ சாக்ஸபோனில் நான் கேட்கிறேன். மென்மை என்கிறீர்களே, அதில் மென்மை எங்கே? மலை தாண்டிப் போய்ச் சேர வேண்டிய குரல் அது, காதைத் துளைக்கும்.

1976-இல் பதிவான 'டிஸ்' தொகுப்பில், கடற்காற்றில் தானாக அதிரும் காற்று யாழ் அடியில் ஓடிக்கொண்டிருக்க, அவர் மேலே ஊதுகிறார். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்கவே வேண்டாம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கரோடு 'சாங் ஃபார் எவ்ரிஒன்' தொகுப்பில் அவர் அவ்வளவு இயல்பாகச் சேர்ந்துகொண்டதும் எனக்கு வியப்பாக இல்லை.

'ஒஃபீஸியம்' தொகுப்பைப் பற்றித்தான் உங்களோடு எனக்குப் பெரிய வழக்கு. 1993-இல் ஆஸ்திரியாவின் சாங்க்ட் கெரோல்ட் மடாலயத்தில் ஹிலியர்ட் ஆன்சாம்பிள் என்ற பிரிட்டிஷ் குரலிசைக் குழுவின் பாடகர்களோடு பதிவானது. முதல் பாட்டு 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய இசையமைப்பாளர் மொராலெஸுடையது. நான்கு குரல்கள் தொடங்குகின்றன. சாக்ஸபோன் பிறகுதான் வருகிறது, ஐந்தாவது பாடகர் மாதிரி. வார்த்தை இல்லாத ஒரே குரல் அது. குரல்கள் எழும்போது ஒதுங்கி நிற்கிறது, அவை தணியும் இடத்தில் மேலேறுகிறது. அந்த நான்கு பேருக்கும் ஏட்டில் எழுதிய சுரம் இருக்கிறது, இவருக்கு இல்லை. அங்கேயே அந்த நேரத்தில் கற்பனை செய்து ஊதுகிறார். ஜாஸ் என்பது இதைவிட வேறென்ன?

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது பனியை விட்டுவிடுங்கள். எந்தச் சுரத்தில் நுழைகிறார், எங்கே மூச்சு எடுக்கிறார், எவ்வளவு நேரம் ஊதாமல் இருக்கிறார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்